ஒன்பது பந்து பிரேக்: திறமை எவ்வளவு, ராக் எவ்வளவு?

நேர்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜெட்டாவில் நடந்த 2025 உலக 9-பந்து (பூல்) சாம்பியன்ஷிப் ஃபைனலை நேற்று மறுபடி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். கார்லோ பியாடோ 15, ஃபெடோர் கோர்ஸ்ட் 13. அதற்கு முந்தைய வருடமும் அதே ஊரில்தான் ஃபைனல். கோர்ஸ்ட் 15-14 என்று எக்லென்ட் காச்சியைத் தாண்டினார். ஆட்டம் இவ்வளவு நெருக்கமாகப் போகும்போது என் கண்ணெல்லாம் பிரேக் மேலேயே, அதாவது அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடி மேலேயே இருக்கிறது. பிரேக்கில் ஒரு பந்து விழுந்தால் டேபிள் உங்களுடையது. விழாவிட்டால் போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான், அப்புறம் எப்போது எழுந்திருப்பீர்கள் என்பது எதிராளி கையில்.

என் கட்சி இதுதான்: பிரேக்கில் பந்து விழுவது உத்தரவாதமான விஷயமாக இருக்கவே கூடாது. ராக்கை (அடுக்கி வைத்த பந்துகள்; அதை வைத்து ஆடும் ஒரு ஆட்டத்தையும் ராக் என்போம்) இறுக்கமாக வைத்து, ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் அடித்தால் ஒரே பந்து ஒரே பாக்கெட்டில் விழுகிறது என்றால், அந்த ராக் அடிப்பதற்கு முன்பே பாதி முடிந்துவிட்டது. சின்ன எண் பந்தை முதலில் தொட்டு ஆடி, 9ஐ விழ வைப்பவர் ஜெயிக்கும் இந்த 9-பந்து ஆட்டத்தின் உயிர் பிரேக்குக்கு அடுத்த அடியில் இருக்கிறது. புஷ் அவுட் (பந்தைத் தள்ளி வைப்பது), சேஃப்டி (எதிராளிக்கு நல்ல அடி இல்லாமல் வைப்பது), கிக் (வெள்ளைப் பந்தை டேபிள் விளிம்பில் மோதவிட்டு மறைந்த பந்தைத் தொடுவது), இவையெல்லாம் தலைகாட்டவே வழியில்லாத ஆட்டத்தை நான் பாதி ஆட்டம் என்றுதான் சொல்வேன்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முக்கியமாக, ஜெயித்தவரே தொடர்ந்து பிரேக் செய்வதா, மாறி மாறிச் செய்வதா? எங்கள் கிளப் போட்டிக்கு விதிமுறை எழுத வேண்டியிருக்கிறது, அதற்கும் உதவும்.

சாக்துண்டு எழுதியது:

நேர்கோடு அண்ணே, நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக் ஒரு அடி. மற்ற அடிகளைப் போல அதற்கும் பயிற்சி உண்டு, அதற்கும் கூலி வேண்டும்.

ஷேன் வான் போனிங்கைப் பாருங்கள். பிறவியிலேயே காது கேளாதவர், தெற்கு டகோட்டாவில் பூல் ஆடும் குடும்பத்தில் வளர்ந்தவர். யுஎஸ் ஓப்பன் 9-பந்துத் தொடரை 5 முறை ஜெயித்தார். 2022இல் மில்டன் கீன்ஸில் ஆல்பின் ஔஷனை 13-6 என்று முடித்து உலகப் பட்டத்தையும் வாங்கினார். அவர் பெயரைச் சொன்னதும் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த பிரேக்தான். வெறும் வேகத்தைச் சொல்லவில்லை. 1ஆம் பந்தை முழுசாகப் பிடித்து, க்யூ பால் (வெள்ளைப் பந்து) லேசாகத் துள்ளி டேபிளின் நடுவில் வந்து உட்காரும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப உட்காரும். நீங்களும் நானும் அதே வேகத்தில் அடித்தால் வெள்ளைப் பந்து தரையில் கிடக்கும்.

இதற்கு அவர் உழைத்திருக்கிறார். அதை "உத்தரவாதம்" என்று சொல்லி விதியால் பிடுங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜெயித்தவரே பிரேக் செய்ய வேண்டும் என்பதும் என் கட்சி. 1996இல் டாலஸில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் தொடர்ந்து 11 ராக் பிரேக் செய்து, ஒன்றையும் விடாமல் முடித்தார். தொடர்ந்து 10 ராக் முடித்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். மாறி மாறி பிரேக் என்று இருந்தால் அப்படி ஒரு ஓட்டத்துக்கே இடமில்லை. 9-பந்தின் பெரிய அழகு அந்த ஓட்டம்தான்.

மூணாவது ரெயில் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ராக்கின் கணக்கைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

9-பந்து ராக் வைரம் மாதிரி: 1, 2, 3, 2, 1 என்று ஐந்து வரிசை. முனையில் 1ஆம் பந்து, நட்டநடுவில் 9. நடு வரிசையின் இரண்டு ஓரங்களிலும் இருப்பவைதான் விங் பந்துகள். பழைய முறையில் 1ஆம் பந்து ஃபுட் ஸ்பாட்டின் (ராக் வைக்க டேபிளில் குறித்த புள்ளி) மேல் உட்காரும். அப்போது விங் பந்திலிருந்து கடைசி மூலைப் பாக்கெட்டுக்குப் போகும் கோடும், இறுக்கமான ராக்கில் அந்தப் பந்து இயல்பாகக் கிளம்பும் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் பக்க ரெயிலை (டேபிளின் ரப்பர் விளிம்பு) ஒட்டி நின்று வெட்டி அடித்தால் விங் பந்து குறி வைத்தது மாதிரி போய் விழுகிறது. வேகம்கூடத் தேவையில்லை. 2001 யுஎஸ் ஓப்பன் ஃபைனலில் கோரி டுயல், மிக்கா இம்மோனனை 11-0 என்று ஜெயித்தார். மென்மையாக உடைத்தே விங் பந்தை விழ வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். மற்ற பந்துகள் பெரிதாகச் சிதறாமல் கீழ்ப்பக்கமே கிடக்கும், க்யூ பாலும் கட்டுக்குள் இருக்கும்.

இப்போது 9ஆம் பந்தை ஸ்பாட்டில் வையுங்கள். மொத்த ராக்கும் இரண்டு வரிசை முன்னால் வருகிறது. பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஆகவே இரண்டு வரிசை என்றால் சுமார் 10 செ.மீ. விங் பந்து கிளம்பும் திசை மாறவில்லை, கிளம்பும் இடம்தான் மாறியிருக்கிறது. அது பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. முன்னாலேயே பக்க ரெயிலில் இடித்துத் திரும்பிவிடும். இந்தச் சின்ன நகர்வு ஒன்றே பழைய பிரேக்கின் பல்லைப் பிடுங்கிவிட்டது.

அதோடு பிரேக் பாக்ஸ் (பிரேக்கின்போது க்யூ பாலை வைக்க வேண்டிய கட்டம்) வந்தது, பக்க ரெயிலிலிருந்து அடிக்க முடியாது. மூன்று பந்து விதியும் வந்தது: விழுந்த பந்துகளும் ஹெட் ஸ்ட்ரிங்கை (பிரேக் செய்யும் பக்கத்தில் இருக்கும் குறுக்குக் கோடு) தாண்டி வந்த பந்துகளும் சேர்ந்து குறைந்தது மூன்றாக இருக்க வேண்டும். மென்மையான பிரேக்குக்கு இந்த விதிதான் வேட்டு வைத்தது.

ஆனால் ஒன்று, சாக்துண்டு சொல்வதற்கு ஆதரவாகவே சொல்கிறேன். விதி மாறியதும் பெரிய ஆட்டக்காரர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1ஆம் பந்தை நடு பாக்கெட்டில் போடக் கற்றுக்கொண்டார்கள். ராக் முன்னால் வந்ததால் அந்தக் கோணம் திறந்தது. அதில் இப்போது அவ்வளவு துல்லியம் வந்துவிட்டது. ஆக, நீங்கள் எந்தக் கதவை அடைத்தாலும் அவர்கள் இன்னொன்றைத் திறப்பார்கள். அதைத் திறமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கோவை 147 எழுதியது:

நான் ஸ்நூக்கர் பக்கத்திலிருந்து வந்தவன். ஸ்நூக்கரில் பிரேக் என்றால் சேஃப்டி அடி. வெள்ளைப் பந்தை பாக் குஷனுக்குத் திரும்பக் கொண்டுவந்து எதிராளிக்கு ஒன்றும் இல்லாமல் செய்வதுதான் நோக்கம். பூலில் பிரேக்கே தாக்குதலாக இருப்பது எனக்கு முதலில் ஒட்டவில்லை. அதனால் நேர்கோடு சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது.

நம் ஊர் கேரமிலும் பிரேக் செய்பவருக்குத்தான் லாபம். அதனால்தான் அதில் பிரேக் மாறி மாறி வருகிறது. பூலிலும் அப்படியே வைத்தால் என்ன கெட்டுப்போகும்? இரண்டு பேரும் சமமாக எழுந்து ஆடுவார்கள்.

இன்னொரு கேள்வி. பாக்கெட்டைக் குறுக்கினால் போதாதா? தொழில்முறைத் தொடர்களில் மூலைப் பாக்கெட்டை 4 அங்குலம் வரை குறுக்கிவிட்டார்கள் என்று பார்த்தேன். பந்தே 2¼ அங்குலம்.

தென்றல் எழுதியது:

கோவை 147 அண்ணா, பாக்கெட்டைக் குறுக்குவது பிரேக்குக்கு மருந்தில்லை என்பது என் எண்ணம். அது ரன் அவுட்டை (மிச்சப் பந்துகளை ஒரே மூச்சில் முடிப்பதை) கஷ்டமாக்கும். பிரேக் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே அளவு கஷ்டம். முதல் வாய்ப்பு யாருக்கு என்பது அப்படியேதான் இருக்கும்.

ஸ்நூக்கரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் அலிசன் ஃபிஷரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். இங்கிலாந்தில் பெண்கள் ஸ்நூக்கரின் உச்சத்தில் இருந்துவிட்டு 1995இல் அமெரிக்காவுக்குப் போனார். 1996, 1997, 1998, மறுபடி 2001 என்று நான்கு முறை உலக 9-பந்து பட்டம். அவருடைய பிரேக்கை யாரும் இடிமுழக்கம் என்று சொன்னதில்லை. பிரேக்குக்கு அப்புறம் டேபிளைப் படிப்பதில்தான் அவர் ஜெயித்தார். க்யூ தாடைக்கு நேர் கீழே, கை ஒரே நேர்க்கோட்டில், அடித்த பிறகும் தலை அசையாது. ஸ்நூக்கரின் அந்த ஒழுக்கத்தை 9 அடி டேபிளுக்கு அப்படியே கொண்டுவந்தார்.

எங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகள் புதிதாகச் சேரும்போது "உனக்கு பிரேக் வேகம் வராது, ஸ்நூக்கருக்குப் போ" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறாத கோபம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 1ஆம் பந்தை முழுசாகப் பிடிக்கத் தெரிந்தவர், அதைவிட வேகமாக ஓரத்தில் பிடிப்பவரைவிட நன்றாகவே சிதறடிப்பார். பந்துக்குள் போகும் விசை, மோதும் இடத்தைப் பொறுத்தது. முதலில் முழு மோதல், அப்புறம் வேகம். வரிசை மாறக் கூடாது.

புதுக்கியூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நிறையக் கற்றுக்கொள்கிறேன். ஆரம்பக் கேள்வி ஒன்று. ஒரு ஆட்டத்தில் பிரேக் முடிந்ததும் அந்த ஆட்டக்காரர் 1ஆம் பந்தைத் தொடவே இல்லை. வெள்ளைப் பந்தைச் சும்மா கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு எழுந்துவிட்டார். நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. எதிராளி யோசித்துவிட்டு அவரையே ஆடச் சொன்னார். இது என்ன?

நேர்கோடு எழுதியது:

புதுக்கியூ தம்பி, நான் பேச வந்ததே இதைத்தான். அதுதான் புஷ் அவுட்.

பிரேக்குக்கு அடுத்த அடிக்கு மட்டும் இந்தச் சலுகை. "புஷ்" என்று முதலில் அறிவித்துவிட வேண்டும். அப்புறம் க்யூ பால் எந்தப் பந்தையும் தொட வேண்டாம், எந்த ரெயிலிலும் படவேண்டாம். அடித்து முடித்ததும் எதிராளிக்கு இரண்டு வழி: அங்கிருந்து தானே ஆடலாம், அல்லது உங்களையே ஆடச் சொல்லலாம்.

இதில்தான் மூளை வேலை. 1ஆம் பந்து 6க்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது என்று வையுங்கள். சுலபமான அடி கிடைக்கும் இடத்துக்குத் தள்ளினால் எதிராளி எடுத்துக்கொள்வார். முடியவே முடியாத இடத்துக்குத் தள்ளினால் உங்களிடமே திருப்பிவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது: உங்களுக்கு வரும், அவருக்கு வராது. ஜம்ப் அடியில் (க்யூ பாலைத் துள்ள வைத்து நடுவில் இருக்கும் பந்தைத் தாண்டுவது) நீங்கள் கெட்டிக்காரர், அவர் தயங்குபவர் என்றால் ஒரு பந்துக்குப் பின்னால் ஜம்ப் தூரத்தில் நிறுத்துங்கள். அவருக்கு நீளமான பேங்க் அடி (பந்தை ரெயிலில் மோதவிட்டுப் பாக்கெட்டில் போடுவது) பிடிக்கும் என்றால் அந்தக் கோணத்தைக் கொடுக்கவே கூடாது. எதிராளியை எவ்வளவு தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை பூலில் வேறு இல்லை.

பழைய நாட்களில் எந்த அடியிலும் இப்படித் தள்ளலாம், தொடர்ந்து இரண்டு ஃபவுல் ஆனால்தான் பந்து கைக்கு வரும். டெக்ஸஸ் எக்ஸ்பிரஸ் விதி வந்த பிறகு ஒரே ஃபவுல், உடனே எதிராளி க்யூ பாலை டேபிளில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஆட்டம் வேகமானது உண்மை. ஆனால் தள்ளும் உரிமை அந்த ஒரு அடிக்குள் சுருங்கிப்போனது. பிரேக்கிலேயே பந்து விழுந்து, அடுத்த பந்தும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அந்த ஒரு வாய்ப்பும் வராது.

சாக்துண்டு எழுதியது:

அண்ணே, நீங்கள் சேஃப்டி ஆட்டத்தை நேசிக்கிறீர்கள், சரி. நானும் எஃப்ரென் ரெயெஸ் ரசிகன்தான். ஆனால் அவரே பிரேக்கில் பலசாலி கிடையாது. அப்படியும் 1999இல் கார்டிஃபில் உலக 9-பந்து பட்டம், 2004இல் ஃபுஜைராவில் உலக 8-பந்து பட்டம். பிரேக் இவ்வளவு ஆதிக்கம் செலுத்தும் ஆட்டம் என்றால் இது எப்படி நடந்தது?

சிங்கைக்காரன் எழுதியது:

சாக்துண்டு, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: ரேஸின் நீளம், அதாவது ஜெயிக்க எத்தனை ராக் எடுக்க வேண்டும் என்பது.

1996இல் ஹாங்காங்கில் ரெயெஸும் ஸ்ட்ரிக்லண்டும் 120 ராக் வரை ஆடினார்கள். மூன்று நாள். பரிசு ஒரு லட்சம் டாலர், முழுதும் ஜெயித்தவருக்கே. ரெயெஸ் 120-117 என்று ஜெயித்தார். அவ்வளவு நீளமான ஆட்டத்தில் ஒரு நாள் பிரேக் கைகொடுக்கும், மறுநாள் கைவிடும். கடைசியில் நிற்பது ஆட்டக்காரர் மட்டும். 7 வரை, 9 வரை ஆடும் ரேஸில்தான் இரண்டு டிரை பிரேக் (பந்து எதுவும் விழாத பிரேக்) சேர்ந்து ஒருவரை ஊருக்கு அனுப்பிவிடுகிறது.

ரெயெஸ் பேச்சு வந்துவிட்டதால் 1995 ரீனோ ஃபைனலைச் சொல்லாமல் விட முடியாது. எதிரே அதே ஸ்ட்ரிக்லண்ட். 5ஆம் பந்தை மறைத்து ஒரு நல்ல சேஃப்டி போட்டார். நேராகப் பார்த்தால் வழியே இல்லை. ரெயெஸ் க்யூ பாலை ஒரு நீள ரெயிலில் அடித்தார், அது குறுக்கே போய் எதிர் ரெயிலில் பட்டு, இசட் எழுத்துப் போல மடங்கி வந்து 5ஐப் பாக்கெட்டில் போட்டது. எத்தனையோ பேர் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பந்தைத் தொட மட்டும் வேண்டும் என்றால் மெதுவாகவே அடித்திருக்கலாம். அந்த வேகம், விழ வேண்டும் என்று அடித்த வேகம்.

எங்கள் ஊர் அலோஷியஸ் யாப் 2021 யுஎஸ் ஓப்பன் ஃபைனல் வரை போய் பியாடோவிடம் 8-13 என்று தோற்றார். அந்த ஆட்டத்துக்கு அப்புறம் இங்கே நிறைய பையன்கள் 9-பந்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, 10-பந்தையும் சேர்த்து ஆடுங்கள் என்று. ராக் முக்கோணம், விங் பந்து சுலபமாக விழாது. பிரேக்கில் 10 விழுந்தாலும் ஜெயிப்பு கிடையாது. ஒவ்வொரு பந்தையும் பாக்கெட்டையும் சொல்லித்தான் அடிக்க வேண்டும். சொல்லாத பந்து தற்செயலாக விழுந்தால், அங்கிருந்து யார் ஆடுவது என்று எதிராளி முடிவு செய்வார். நேர்கோடு கேட்கும் ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தான் 10-பந்து.

மூணாவது ரெயில் எழுதியது:

சிங்கைக்காரன் சொன்ன ரேஸ் நீளம் சரியான புள்ளி. ஆனால் கிளப்பில் யாரால் மூன்று நாள் ஆட முடியும்? நம் அளவுக்கு வருவோம்.

நம் கிளப்புகளில் பிரேக் விவகாரமாவதற்குப் பெரிய காரணம் ராக் வைக்கும் கை. மரச் சட்டத்தில் வைக்கும்போது 1க்கும் அதன் பின்னால் இருக்கும் இரண்டு பந்துகளுக்கும் இடையே தலைமுடி அளவு இடைவெளி விட்டால் போதும், எவ்வளவு வேகமாக அடித்தாலும் ராக் செத்துவிடும். வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. குனிந்து, விளக்குக்கு எதிர்த்திசையிலிருந்து பந்துகளுக்கு நடுவே பாருங்கள். கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். துணியில் ஸ்பாட் இருக்கும் இடம் குழிந்து போயிருந்தாலும் இதேதான் நடக்கும். பந்து தானாக நகர்ந்து உட்கார்ந்துவிடும், ராக் வைப்பவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

ராக் வைக்க, பந்துகள் உட்காரத் துளை வெட்டிய மெல்லிய டெம்ப்ளேட் ஷீட் வாங்குங்கள். விலை பெரிதில்லை. பந்துகள் தானாக ஒட்டி நிற்கும், சண்டை பாதி குறையும். ஆனால் ராக் எப்போதும் கச்சிதமாக இருப்பதால் விழும் பந்தும் எப்போதும் விழும். ஆகவே டெம்ப்ளேட் வைத்தால் 9ஐ ஸ்பாட்டில் வைத்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தே வரட்டும்.

கோவை 147 எழுதியது:

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை. பாதிப் பேருக்கு அடிப்படை ஃபவுலே தெரியாது. சின்ன எண் பந்தை முதலில் தொட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து விழ வேண்டும், அல்லது ஏதாவது ஒரு பந்து ரெயிலில் பட வேண்டும். லேசாக முத்தமிட்டுவிட்டு நின்றால் ஃபவுல். இதை விதித்தாளில் முதல் வரியாகப் போடுங்கள். தொடர்ந்து மூன்று ஃபவுல் என்றால் ராக் போய்விடும் என்பதையும் சேருங்கள். ஆனால் இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு "உங்களுக்கு இரண்டு" என்று எதிராளியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் மூன்றாவது எண்ணப்படாது.

நேர்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாக்துண்டு தம்பி, உங்கள் வாதத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறேன். பிரேக் ஒரு திறமை, அதற்குக் கூலி வேண்டும். ஆனால் அந்தக் கூலியை ஒரு ராக்கோடு கொடுத்துவிடலாம், தொடர்ந்து ஐந்து ராக்குக்குக் கொடுக்க வேண்டாம். எங்கள் போட்டிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

9-பந்து, 9 வரை ரேஸ். டெம்ப்ளேட் ராக், 9 ஸ்பாட்டில். மாறி மாறி பிரேக், யார் முதல் என்பது லேக் அடித்து (இருவரும் ஒரு பந்தை எதிர் ரெயிலில் மோதவிட்டுத் திருப்பி, யாருடையது இந்தப் பக்க ரெயிலுக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து) முடிவாகும். பிரேக் பாக்ஸ் சாக்கால் வரையப்படும். மூன்று பந்து விதி உண்டு. புஷ் அவுட் உண்டு. மூன்று ஃபவுல் விதி உண்டு. அரையிறுதியிலிருந்து ஒரு அடிக்கு 30 விநாடி, ராக்குக்கு ஒரு கூடுதல் நேரம்.

விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தென்றல் எழுதியது:

நேர நெருக்கடியை முதல் சுற்றிலிருந்தே வையுங்கள், அண்ணா. புதியவர்கள் பழகாமல் அரையிறுதியில் திடீரென்று சந்தித்தால் பதறுவார்கள். முதல் சுற்றுகளில் 45 விநாடி, பிறகு 30 என்று குறைக்கலாம்.

இன்னொன்று: பெண்கள் பிரிவுக்கும் இதே விதிகள்தானே? மூன்று பந்து விதியைத் தளர்த்த வேண்டாம். எங்களால் முடியும்.

சாக்துண்டு எழுதியது:

மாறி மாறி பிரேக்கை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, ஆனால் ஆட வருவேன். ஒரு சந்தேகம்: பிரேக்குக்கு அப்புறம் டெம்ப்ளேட் ஷீட் மேல் பந்து ஏதாவது நின்றுவிட்டால் என்ன செய்வது? போன தடவை வேறொரு கிளப்பில் இதற்காக ஆட்டமே நின்றுவிட்டது.

மூணாவது ரெயில் எழுதியது:

பந்து எதுவும் தொடாமல் இருந்தால் உடனே ஷீட்டை எடுத்துவிடலாம். மேலே பந்து நின்றால், நடுவர் அந்தப் பந்தின் இடத்தை இரண்டு பக்கமும் குறித்துக்கொண்டு, பந்தைத் தூக்கி, ஷீட்டை உருவி, மறுபடி அதே இடத்தில் வைப்பார். ஆட்டக்காரர்கள் கை வைக்கக் கூடாது. இதையும் தாளில் எழுதிவிடுங்கள் நேர்கோடு. நடுவருக்கு ஒரு குறிப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.